செவ்வாயும் அஞ்சலையின் கிணறும்

இன்று காலைப் பேப்பரில் ஒரு படம் வந்திருக்கிறது. செவ்வாய்க் கிரகத்தில் இறங்கியிருக்கும் புது வண்டி எடுத்த படம். உடைந்த பாறை ஒன்று, அதன் விளிம்பில் கூழாங்கற்கள் பதிந்து கிடக்கின்றன. எல்லாம் மூலை மழுங்கிய கற்கள். ஓடுகிற தண்ணீர் உருட்டியிருந்தால்தான் கல் அப்படி மழுங்கும் என்று கீழே எழுதியிருக்கிறார்கள். காபியை வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். உன் நம்பரைப் பாதி அழுத்திய பிறகுதான், நீ செத்துப்போய் ஒரு மாதம் ஆகப்போகிறது என்பது உறைத்தது. அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஐந்து வருடம் பேசாமல் இருந்தவளுக்கு, அதுவும் இப்போது இல்லாதவளுக்கு, விரல் தானாகப் போன் போடுகிறதே என்று என்மேலேயே எரிச்சல்.

அதனால் இதை எழுத உட்கார்ந்தேன். 'அன்புள்ள' என்று தொடங்க மனம் வரவில்லை. உன் பதினாறாம் நாள் காரியத்துக்கும் நான் வரவில்லை. பள்ளியில் தேர்வு என்று உன் வீட்டுக்காரரிடம் பொய் சொன்னேன். உன்னைப் பற்றி நாலு பேர் நல்லது சொல்வதைக் கேட்டுக்கொண்டு, வடை பாயசம் சாப்பிட்டுவிட்டு வர என்னால் முடியாது.

நல்லது சொல்ல ஒன்றும் இல்லை என்றும் சொல்ல மாட்டேன். சிதம்பரத்தில் எம்.எஸ்ஸி. ஜியாலஜி வகுப்பில் பெண்கள் நாம் இரண்டே பேர். களப்பயணத்துக்குப் பெண்கள் வேண்டாம் என்று வாத்தியார் சொன்னபோது நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். நீதான் "பசங்க ஏறுற பாறையில நாங்க ஏறுனா பாறை கோச்சுக்குமா சார்?" என்று கேட்டாய். வகுப்பே சிரித்தது, வாத்தியாரும் சிரித்துவிட்டார். அடுத்த வாரம் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு உனக்கு, பக்கத்தில் நான். இரண்டு வருடமும் அப்படித்தான் போனது. நீ பேசுவாய், நான் பின்னாலேயே வந்து பலனை அனுபவிப்பேன்.

போன இடத்திலெல்லாம் ஒரு சிட்டிகை மண்ணைக் கிள்ளி முன்பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்பாய். நறநறத்தால் வண்டல், வழுவழுத்தால் களிமண். எல்லா ஜியாலஜிக்காரர்களும் செய்வதுதான், ஆனால் மற்றவர்கள் வேலைக்குப் போனதும் விட்டுவிடுவார்கள். நீ கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போகிற வழியில்கூடத் தோண்டிப் போட்ட பள்ளத்தைக் கண்டால் ஆட்டோவை நிறுத்துகிறவள். உன் மாமியார் முகம் போன போக்கை நீயே எத்தனை தடவை எனக்கு நடித்துக் காட்டியிருக்கிறாய்.

படிப்பு முடிந்து நான் கடலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் டீச்சரானேன். நீ சிதம்பரத்திலேயே சின்ன ஆபீஸ் போட்டு, போர்வெல்லுக்கு இடம் பார்ப்பது, கம்பெனிகளுக்கு மண், தண்ணீர் அறிக்கை எழுதிக் கொடுப்பது என்று கிளம்பிவிட்டாய். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, 2004 மாசி மாதம் கீழ வீதி பிரவுசிங் சென்டருக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாய். செவ்வாயில் இறங்கிய வண்டி எடுத்த படங்கள் ஒவ்வொன்றாய் மேலிருந்து கீழே ஆமை வேகத்தில் திறந்தன. பாறையிலும் மண்ணிலும் சின்னச் சின்ன உருண்டைகள், மிளகைக் கொட்டி வைத்த மாதிரி.

"ஏய், இது நம்ம பண்ருட்டி முந்திரித் தோப்புல கால்ல குத்துமே, அந்தக் கல்லுடி!" என்று கத்தினேன். சென்டர்காரர் திரும்பிப் பார்த்தார். செம்மண்ணில் கிடக்கும் அந்த இரும்பு உருண்டைகளை நான் பாவாடை கட்டிய நாளிலிருந்து மிதித்திருக்கிறேன்.

நீ ரொம்ப நேரம் படத்தையே பார்த்தாய். "அப்படியேதான் இருக்குது. ஆனா அது தண்ணி ஊறிப் பாறைக்குள்ள திரண்டது. நம்மளது மழையிலயும் வெயில்லயும் மண்ணுல திரண்டது. ரெண்டும் ஒரே மாதிரி இருக்குதுன்னு சொல்லு. ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லிப்புடாத" என்றாய். அன்றைக்கு அதைக் கேட்டு உன்மேல் எனக்கு எவ்வளவு மரியாதை வந்தது தெரியுமா? இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் உன் ஸ்கூட்டியில் சுற்றினோம். பண்ருட்டித் தோப்பில் உருண்டைக் கற்கள், தேவனாம்பட்டினத்தில் காற்று மடித்த மணல், பிச்சாவரம் பக்கம் வெயிலில் வெடித்த சேறு. ஆல்பத்தில் இடது பக்கம் செவ்வாய், வலது பக்கம் நம் ஊர். ஒவ்வொரு படத்திலும் பேனாவையோ சுத்தியலையோ வைத்துத்தான் எடுப்போம். அளவுக்கு ஏதாவது பொருள் இல்லாவிட்டால் அந்த வெடிப்பு விரல் அகலமா, ஏரி அகலமா என்று யாருக்கும் தெரியாது.

சுனாமிக்குப் பிறகு ஒரு வருடம் கடற்கரைப் பக்கம் போக மனம் வரவில்லை. அதன்பின் பள்ளி பள்ளியாகப் போய்ப் படம் காட்டத் தொடங்கினோம். 'எது செவ்வாய், எது கடலூர்?' என்று கேட்போம். ஒரு தலைமையாசிரியை தேவனாம்பட்டினம் மணலைச் செவ்வாய் என்று அடித்துச் சொன்னார். அவர் வீடு அங்கிருந்து நாலு தெரு. பிள்ளைகள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். படத்தில் பேனா தெரிந்தால் எது பூமி என்று கண்டுபிடித்துவிடுவார்களே, விளையாட்டுக்காக அதை வெட்டிவிடலாம் என்று சொன்னவள் நான்தான். நீ முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "அளவு இல்லாத படம் பொய் சொல்லும்டி" என்றாய். நான்தான் பிடிவாதமாகக் கத்தரிக்கோலை எடுத்து வந்தேன்.

அப்புறம் அஞ்சலை வந்தாள். எங்கள் தெருவில் கூடையில் மீன் விற்பவள். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே அவள் ஊர். 2007 கோடையில் ஒரு நாள் எனக்கு மத்தி எடுத்துப் போட்டுவிட்டு எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தாள்.

"டீச்சர், நீங்க மண்ணு கல்லெல்லாம் படிச்சவுங்கன்னு சொன்னாங்க. எங்க ஊட்டுக் கெணத்துல கொடத்த வுட்டா தண்ணி செவப்பா வருது. அரிசி கழுவுனா அரிசி பழுப்பாயிடுது. பக்கத்துல கம்பெனிக்காரன் கழிவுத் தண்ணிய வுடுற பள்ளம் இருக்குது. அதான் காரணம்னு ஊர்ல சொல்றாங்க. ஒரு தாட்டி வந்து பாருங்களேன்."

உன்னையும் அழைத்துக்கொண்டு போனேன். தொழிற்சாலையின் பின்சுவரை ஒட்டி அந்தப் பள்ளம். தண்ணீர் வற்றி, அடிமண் தட்டுத் தட்டாக வெடித்து, அறுகோணமும் ஐங்கோணமுமாகக் கிடந்தது. நடுவில் செங்காவி, ஓரத்தில் உப்புப் பூத்த வெள்ளை. நீ கேமராவை எடுத்துக்கொண்டு, "அய்யோ, அப்படியே செவ்வாய்டி!" என்றாய். நானும் சிரித்தேன். இரண்டு பேரும் பொருட்காட்சிக்கு வந்த பிள்ளைகள் மாதிரி அந்தப் பள்ளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம்.

"என்னா டீச்சர், சிரிக்கிறீங்க?" என்று அஞ்சலை கேட்டாள்.

எனக்கு முகம் சுருங்கிப்போனது. அவசரத்தில் பேனாவைத் தேடினேன், கொண்டுவர மறந்திருந்தேன். அளவுக்கு என்ன செய்வது என்று நாம் பேசிக்கொண்டதைப் பார்த்து, அஞ்சலை தானாகவே குனிந்து அந்த மண் தட்டின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள். பச்சைக் கண்ணாடி வளையல். நீ படம் எடுத்தாய். பிறகு பழக்க தோஷத்தில் ஒரு சிட்டிகை மண்ணைக் கிள்ளி வாய்க்குக் கொண்டுபோனாய். கொண்டுபோன கை பாதியில் நின்றது. மண்ணைக் கீழே போட்டுவிட்டு, விரல்களைக் கைக்குட்டையில் மூன்று நான்கு தடவை துடைத்தாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஊர்க்காரர்கள் மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசில் மனுக் கொடுத்தார்கள். அவர்கள் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பள்ளத்து மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் எடுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மனுவை எழுதிக் கொடுத்தவள் நான். விசாரணை நாளில் அஞ்சலையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறந்துகொண்டு நீ வந்தாய். கஞ்சி போட்ட காட்டன் புடவை, கையில் ஃபைல். எனக்காகத்தான் வந்திருக்கிறாய் என்று நினைத்து, பக்கத்து நாற்காலியிலிருந்த என் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். நீ எதிர்ப்பக்கம் போய்க் கம்பெனி மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

கம்பெனிக்கு அறிக்கை எழுதிக் கொடுத்தது நீ என்று அந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது. அதிகாரி அறிக்கையைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் செவ்வாய், எதிர்ப்பக்கத்தில் அஞ்சலை ஊர்ப் பள்ளம். அஞ்சலையின் கை இல்லை. வளையல் இல்லை. கச்சிதமாக வெட்டியிருந்தாய். மனிதர் காலே படாத கோளில்கூட இதே வெடிப்பும் இதே நிறமும் காணப்படுகின்றன, இரும்புச் சத்துள்ள மண்ணுக்கு இது இயல்பு, ஆகவே தனியாகப் பரிசோதனை தேவையில்லை என்று எழுதியிருந்தாய். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அட, ரொம்ப இண்டரஸ்டிங்கா இருக்கே" என்றார்.

நான் எழுந்து, "சார், இந்தப் படத்துல ஒரு கை இருந்துச்சு, வெட்டியிருக்காங்க" என்றேன்.

நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். நம் பழைய சிரிப்புதான். "மேடம் என்னோட ஃப்ரெண்டுதான் சார். செவ்வாயையும் நம்ம மாவட்டத்தையும் முதல்ல ஒப்பிட்டுப் பாத்ததே அவுங்கதான். ஸ்கூல் ஸ்கூலா போயி காட்டியிருக்காங்க. அளவுப் பொருள வெட்டிட்டுக் காட்டுறதும் அவுங்க ஐடியாதான்" என்றாய்.

அதிகாரி என்னிடம், "அப்படியா மேடம்? நீங்களா கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார்.

"ஆமா சார்" என்றேன்.

அந்த 'ஆமா'வைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் சொல்கிறேன். ஒரு அதிகாரி, ஏழெட்டுப் பேர் முன்னால், என்னைக் கண்டுபிடித்தவள் என்று சொன்னபோது, ஒரு நொடி எனக்குப் பெருமையாக இருந்தது. முகம் மலர்ந்திருக்கும். நீ அதைத் தெரிந்தே செய்தாய். எனக்கு எது பிடிக்கும், எங்கே தட்டினால் நான் வாயை மூடுவேன் என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்? அடுத்து என்ன சொல்வது என்று தேடுவதற்குள் அதிகாரி ஃபைலை மூடிவிட்டார். அஞ்சலை என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. இவளும் அவர்களோடு சேர்ந்தவள்தானா என்று புரிந்துகொள்கிற பார்வை அது. மறுநாளிலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருவதை நிறுத்திவிட்டாள்.

அன்று மாலை போனில் உன்னைக் கிழி கிழி என்று கிழித்தேன். நீ நிதானமாக, "நான் பொய் எழுதல. ஒரே மாதிரி இருக்குதுன்னுதான் எழுதியிருக்கேன். ஒண்ணுன்னு எங்கயாவது எழுதியிருக்கேனா? காட்டு" என்றாய். அதுதான் உன் கெட்டிக்காரத்தனம். திருடுவதையும் சட்டம் பிசகாமல் திருடுகிறவள் நீ. போனை வைத்தேன். அதோடு சரி.

போன வருடக் கடைசியில் அடித்த 'தானே' புயலில் எங்கள் தெருவில் ஒரு மரம் மிஞ்சவில்லை, பத்து நாள் கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை. நீ யாரையோ பிடித்து எனக்கு இரண்டு கேன் குடிதண்ணீர் அனுப்பினாய். உனக்குத் தண்ணீர்தானா கிடைத்தது எனக்கு அனுப்ப? திறக்காமல் திருப்பி அனுப்பினேன். பக்கத்து வீட்டம்மா, "உங்க ரோஷத்த வெச்சு நாங்க சோறாக்க முடியுமா டீச்சர்?" என்று ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஆகஸ்டில் உன் வீட்டுக்காரர் போன் செய்தார். புற்று, ஈரலுக்குப் போய்விட்டது, உங்களைப் பார்க்கணும் என்கிறாள் என்றார். பஸ்ஸில் சிதம்பரம் வரும் வரைக்கும் என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொண்டே வந்தேன். ஐந்து வருடச் சண்டை. வந்து பார்த்தால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு கைப்பிடி எலும்பு கிடக்கிறது. யாரோடு சண்டை போடுவது? அந்தக் கோபமும் இருக்கிறது உன்மேல். திருப்பி அடிக்க முடியாத உடம்போடு என் முன்னால் படுத்துக்கொண்டாய்.

"புது வண்டி எறங்கிடுச்சாமே, பாத்தியாடி?" என்று கேட்டாய்.

"பாத்தேன்."

"இந்தத் தடவ கேமரா நல்லா இருக்குதாம்."

உன் வீட்டுக்காரர் இளநீர் வாங்கக் கீழே போனார். இனிமேல் நேரம் கிடைக்காது என்று தெரிந்தது. வரிசைப்படுத்தி வைத்திருந்த எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டேன். "அன்னைக்கு அந்தப் பள்ளத்து மண்ண ஏன் வாயில வெக்கல?"

நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். நான் விடவில்லை. செத்துக்கொண்டிருப்பவளிடம் இரண்டாவது தடவையும் கேட்டேன். என்னை எந்த ஊரிலும் நல்லவள் என்று சொல்ல மாட்டார்கள்.

"பயமா இருந்துச்சுடி" என்றாய். "கிட்ட கொண்டு போனதும் வாடை அடிச்சுது. அது மண்ணு வாடை இல்ல."

"அப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும். உனக்கும்தான் தெரியும். நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

இளநீர் வந்துவிட்டது. ஒரு வாய் குடித்துவிட்டு, அதற்குமேல் இறங்கவில்லை என்று கொடுத்துவிட்டாய். நான் கிளம்பும்போது என் கையைப் பிடித்தாய். நான் பிடிக்கவில்லை, இழுத்துக்கொள்ளவும் இல்லை. பன்னிரண்டு நாளில் போய்ச் சேர்ந்தாய்.

காலையில் ஆரம்பித்ததைச் சாயங்காலம் முடிக்கிறேன். நடுவில் அஞ்சலை ஊருக்குப் போய் வந்தேன். ஊர்க்காரர்கள் மறுபடியும் மனுக் கொடுத்துவிட்டு, போன வாரம் எனக்கும் ஆள் அனுப்பியிருந்தார்கள். இப்போது வேறு அதிகாரி. பழைய அறிக்கை எப்படி வந்தது என்று தெரிந்தவர்கள் எழுதிக் கொடுத்தால் மண்ணையும் தண்ணீரையும் சோதனைக்கு அனுப்பத் தடை இருக்காது என்று சொல்லியிருக்கிறாராம். திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். நான் எழுதிக் கொடுக்கப்போவது தெரிந்து உன் வீட்டுக்காரர் நேற்றுப் போன் செய்தார். "போனவ பேர இழுக்காதீங்க. பொண்ணு காலேஜ் படிக்குது. ஒங்கள அவ கூடப்பொறந்தவளாத்தான் நெனச்சா" என்று அழுதார். பாவமாகத்தான் இருந்தது. முடியாது என்று சொல்லிவிட்டேன். அந்தக் கிணற்றில் ஐந்து வருடமாகத் தண்ணீர் இறைக்க வழியில்லாமல், இடுப்பில் குடத்தோடு அடுத்த தெருவுக்குப் போகிறவளுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அதிகாரிக்குக் கொடுக்க நான்கு பக்கம் எழுதியிருந்தேன். நீ படத்தை வெட்டியது, மண்ணை வாயில் வைக்காதது, ஆஸ்பத்திரியில் சொன்னது, எல்லாம். அஞ்சலை வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். மீன் கழுவிய கையோடு நின்று முழுவதையும் கேட்டாள்.

"அவுங்க பண்ணதெல்லாம் இருக்குது" என்றாள். "ஆபீசரு கேட்டப்ப ஆமான்னு சொன்னது நீங்கதான டீச்சர்? அது எங்க?"

எங்கும் இல்லை. உன் பெயர் பதினோரு இடத்தில் இருந்தது. என்னைப் பற்றி இருந்ததெல்லாம் 'உடன் சென்றிருந்தேன்' என்ற ஒரே வரி. வேண்டுமென்று விட்டேனா, மறந்து விட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. உன்னிடம் கற்றுக்கொண்ட வித்தை என்று சொல்லி இதையும் உன் தலையில் கட்டலாம். கட்டவில்லை.

அங்கேயே அவள் மகனின் ரூல்டு நோட்டை வாங்கி மறுபடி எழுதினேன். ஒப்பிட்டவள் நான். அளவை வெட்டலாம் என்று சொன்னவள் நான். அந்த மண் நல்ல மண் இல்லை என்று நீ துடைத்த துடைப்பிலேயே தெரிந்தும், விசாரணையில் ஆமாம் என்று சொல்லி உட்கார்ந்தவள் நான். அதற்குப் பிறகுதான் நீ செய்ததெல்லாம். அஞ்சலை பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படிக்கச் சொன்னாள். முடிந்ததும் உள்ளே போய்விட்டாள். மன்னிப்பெல்லாம் இல்லை. நானும் கேட்கவில்லை.

மனு விவரம் தெரிந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் வாங்கிப் பார்த்துவிட்டு, ஆள் இப்போது இல்லை என்பதால் உன் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போட வேண்டும் என்றார். உன்னைத் திட்டி இவ்வளவும் எழுதிய பேனா அந்த ஒரு சொல்லுக்கு ஓடவில்லை. அவர் மை தீர்ந்துவிட்டது என்று நினைத்து வேறு பேனாவை நீட்டினார். வாங்கி எழுதினேன். எழுத எழுதத்தான், இனி எதிர்த்துப் பேச நீ வரமாட்டாய் என்பது எனக்கு முழுதாகப் புரிந்தது. திங்கட்கிழமை அந்தத் தாளைக் கொடுத்துவிடுவேன். உன்மேல் இருக்கிற கோபத்தை யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. அது என்னிடமே இருக்கட்டும். நீ விட்டுப் போனதில் எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான்.